தேயிலைத் தோட்டத்தில் ஒரு புடவை வியாபாரி

பிரிஞ்சாங்கில் பனி இறங்கிய காலை வேளையில் லயத்து வாசலில் நின்றால் எதிர்மலை கண்ணுக்குத் தெரியாது. கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்களின் பேச்சுக் குரல்தான் முதலில் கேட்கும். ஆள் பிறகுதான் தெரிவார். என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படி மலையேறியவர். பெரட்டு, தண்டல், கிராணி, துரை, அரைப்பேர் என்ற சொற்களெல்லாம் தமிழ்ப்பள்ளியில் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே அவர் வாயிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை. தேசிய இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம் என்று மலையைவிட்டு இறங்கிய பின் அச்சொற்களை மறந்தே போனேன். அவை மீண்டும் நினைவுக்கு வந்தது கோலாலம்பூரில், குளிர்சாதன வசதி கொண்ட ஒரு கூட்ட அறையில்.

தொழிற்பயிற்சிக்காக ஒரு நிறுவனத்தில் நான்கு மாதங்கள் இருந்தேன். பெயர் வேண்டாம். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் எங்கள் பிரிவின் மேலாளர் எல்லாரையும் கூட்டி வைத்து, இலக்கை எட்டாதவர்களின் பெயர்களைத் திரையில் சிவப்பு நிறத்தில் காட்டுவார். ஒரு நாள், என்னைவிட மூன்று வயது மூத்த ஓர் அக்காவை, அறிக்கையில் ஓர் எண்ணைத் தவறாக எழுதியதற்காக இருபது பேர் முன்னிலையில் எழுந்து நிற்க வைத்தார். பதினைந்து நிமிடம் இருக்கும். அவர் படிப்பைச் சொல்லி, வளர்ந்த இடத்தைச் சொல்லிப் பேசினார். எவரும் வாய் திறக்கவில்லை. நானும் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றிரவு பாட்டியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, அவர் சிறிதும் வியப்படையவில்லை. உங்கள் ஆபீசிலும் பெரட்டு வைக்கிறார்களா என்று மட்டும் கேட்டார்.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். இலங்கை மலையகத்தில் இதையே பிரட்டு என்பார்கள். அந்தச் சொல்லைத் தேடிப் போனபோதுதான் பல்கலைக்கழக நூலகத்தில் இலங்கை எழுத்தாளர் சாரல் நாடன் எழுதிய நடேசய்யர் வரலாறு என் கைக்குக் கிடைத்தது. கோ. நடேசய்யரை இலங்கை மலையகத் தமிழர் எல்லாரும் அறிவர். மலேசியாவில், அதுவும் தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த நான், இருபத்திரண்டு வயது வரை அவர் பெயரைக் கேட்டதில்லை. நம் மாணவர்களில் பலரும் என்னைப் போலவே இருக்கக்கூடும் என்பதால் இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

இலங்கைக்கும் கேமரன் மலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, அவருக்குத் துணையாக நின்ற ஏ.பி. மில்ன் இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகியவர். செடி நடும் முறை, கொழுந்து வாட்டும் முறை மட்டுமன்று, ஆளை வேலை வாங்கும் முறையும் இலங்கையில்தான் முதலில் உருவெடுத்தது. அங்கே 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராகத் தொடங்கினார். இங்கே நம் மலையில் முதல் செடி நடப்பட்டபோது அங்கே தோட்ட நிருவாகத்துக்கு அறுபது வயது ஆகியிருந்தது. அந்த நிருவாகத்தின் கணக்குப் புத்தகத்தை உள்ளே போய்ப் படித்துப் பார்த்தவர்தான் நடேசய்யர்.

அவர் 1887-இல் தஞ்சாவூரில் பிறந்தார். பிராமணக் குடும்பம். ஆங்கிலம் கற்றவர். இளமையில் அவர் மனம் சென்றது அரசியல் பக்கம் அல்ல, வணிகத்தின் பக்கம். தமிழர்கள் வணிகத்தை முறையாகக் கற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வர்த்தகமித்திரன் என்ற இதழை நடத்தினார். கணக்குப் பதிவு பற்றியும் காப்புறுதி பற்றியும் தமிழில் நூல்கள் எழுதினார். தொழிலாளர் தலைவர் ஒருவரின் வரலாற்றில் இது தேவையற்ற செய்தி போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு தெரிந்தவர் என்பதால்தான் பிறர் அழுதுவிட்டுக் கடந்துபோன இடத்தில் இவர் நின்று கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

இதழுக்குச் சந்தாதாரர்களாக இருந்த கொழும்புத் தமிழ் வணிகர்களின் அழைப்பின் பேரில் அவர் முதன்முதலாக இலங்கைக்குச் சென்றார். வந்த வேலை முடிந்ததும் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால், தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிப் போன மக்கள் மலைமேல் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க விரும்பினார். அது அத்தனை எளிதன்று. தோட்டம் என்பது துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். படித்த இந்தியர், அதிலும் பத்திரிகைக்காரர் என்று தெரிந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

உள்ளே தடையின்றிப் போய்வந்த வெளியாள் ஒருவர்தான் இருந்தார்: புடவை வியாபாரி. நடேசய்யர் அந்த வேடத்தைப் போட்டார். துணி மூட்டையைச் சுமந்துகொண்டு லயம் லயமாக ஏறி இறங்கினார். சாதியின் பெயரால் ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களே அந்த லயங்களில் பெரும்பாலோர். அவர்கள் வாசலில் ஒரு தஞ்சாவூர் ஐயர் மூட்டையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார் என்பதை இன்று எளிதாகப் படித்துவிடலாம். அந்தக் காலத்தை எண்ணிப் பார்த்தால் அது சிறிய செயல் அல்ல.

அங்கே அவர் கண்டது என்ன? துரை அடிப்பார், கங்காணி திட்டுவார் என்ற செய்தி ஊருக்கே தெரியும். அவர் கண்டது அதற்குப் பின்னால் இருந்த கணக்கு.

தோட்டத்தில் பெரிய துரைக்குக் கீழே சின்ன துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று படிப்படியாக அதிகாரம் இறங்கும். ஊரிலிருந்து ஆள் கூட்டி வருபவர் பெரிய கங்காணி. வழிச்செலவுக்கும் வீட்டுக் கடனுக்கும் முன்பணம் கொடுத்து அழைத்து வருவார். அந்தப் பணம் தொழிலாளியின் தலையில் கடனாக எழுதப்படும். எழுதுபவரும் கங்காணி, கூட்டுபவரும் கங்காணி. எழுத்தறியாத தொழிலாளி தன் கடன் எவ்வளவு என்று அறிய அவரைத்தான் கேட்க வேண்டும். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இத்தனை ரூபாய் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் துண்டு ஒன்று வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கட்டிய தொகை மீண்டும் தொழிலாளியின் கணக்கிலேயே ஏறும். ஆள் இடம் மாறினாலும் கடன் மாறுவதில்லை. துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் வேலையிலிருந்து விலகும்போது வாங்க வேண்டிய பற்றுச்சீட்டு ஒழியவில்லை. அந்தச் சீட்டு கையில் இல்லாதவரை வேறு தோட்டத்தில் சேர்க்கத் தயங்குவார்கள். முறைத்துக்கொண்டவருக்குச் சீட்டு கிடைக்காது. அல்லது குடும்பத்தோடு சேர்த்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இவற்றையெல்லாம்விட என்னைத் தடுத்து நிறுத்தியது தலைக்காசு. ஒவ்வொரு நாளும் பிரட்டுக்கு எத்தனை பேர் வந்து வேலைக்குப் போகிறார்களோ, அத்தனை தலைக்கும் இத்தனை சதம் என்று கங்காணிக்குப் பணம் உண்டு. காய்ச்சலோடு படுத்திருக்கும் பெண்ணை லயத்திலிருந்து இழுத்து வந்து வரிசையில் நிறுத்துவது கங்காணியின் கொடுங்குணம் மட்டுமன்று. அவர் வருமானமும் அதில் அடங்கியிருக்கிறது. அவள் படுத்துக்கொண்டால் அவருக்குச் சில சதம் குறையும். நிறுத்த எடை வரவில்லை என்றால் அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொருவரும் தமக்குக் கீழே உள்ளவரை நெருக்கினால்தான் தம் பங்கு கிடைக்கும் என்றவாறு அந்தக் கணக்கு எழுதப்பட்டிருந்தது.

இதைப் படித்த இரவு எங்கள் மேலாளரை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் மேலிடத்திலிருந்து ஒரு சிவப்புப் பட்டியல் வந்திருக்கும். அதனால் அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அந்த அக்காவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால், அவரை மாற்றிவிட்டு வேறொருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் திங்கட்கிழமைக் கூட்டம் அப்படியேதான் நடந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நடேசய்யர் 1920 வாக்கில் இலங்கையிலேயே தங்கிவிட்டார். அடுத்த ஆண்டு டாக்டர் ஈ.வி. இரத்தினம் போன்றோரின் துணையோடு கொழும்பில் வெளிவந்த தேசநேசன் பத்திரிகையின் ஆசிரியரானார். 1924-இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். தோட்டங்களில் நடந்த அநீதிகள் அதில் அச்சேறின. துரைமார் ஆட்சியைச் சாடி ஆங்கிலத்திலும் பிரசுரம் எழுதினார். தமிழில் எழுதும்போது பண்டிதத் தமிழைத் தவிர்த்தார். லயத்தில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். மாலையில் அவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்பதை அறிந்து எழுதினார். தங்கள் துன்பம் அச்சில் வரக்கூடியது என்பதே அம்மக்களுக்குப் புதிய செய்தி.

கொழும்பில் அப்போது சிங்களத் தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்க பெரும் செல்வாக்கோடு இருந்தார். நடேசய்யர் அவரோடு இணைந்து இலங்கைத் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவராகப் பணியாற்றினார். துறைமுகத்திலும் ஆலைகளிலும் சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் ஒரே சங்கத்தில் இருந்த காலம் அது. நீடிக்கவில்லை. வேலையின்மை பெருகியபோது இந்தியத் தொழிலாளர்தாம் காரணம் என்ற பேச்சு சங்கத்துக்குள்ளேயே எழுந்தது. 1928-இல் இருவரும் பிரிந்தனர். நடேசய்யரின் பார்வை முழுவதுமாக மலைநாட்டின் பக்கம் திரும்பியது.

இதற்கிடையே 1925-இல் அவர் சட்டநிரூபண சபைக்குள் இந்தியர்களின் பிரதிநிதியாக நுழைந்திருந்தார். சபையில் தோட்டத் துரைமாருக்கும் பிரதிநிதிகள் இருந்தனர். அவர்களுக்கு எதிரே அமர்ந்து, கூலி எவ்வளவு, அரிசி விலை எவ்வளவு, ஒரு குடும்பம் எப்படி வாழும் என்று கேட்கும் வேலையை இவர் செய்தார். 1927-இல் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்களுக்கு 43 சதம், சிறுவர்களுக்கு 32 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டு 1929 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு நடேசய்யர் ஒருவரே காரணம் என்று எழுதினால் அது மிகையாகும். ஆள் அனுப்பும் நாடான இந்தியாவின் அரசும் நெருக்கிக்கொண்டிருந்தது. ஆனால், கங்காணியின் தயவு என்று இருந்த கூலியைச் சட்டத்தின் எண் என்று ஆக்கியதில் அவர் குரலுக்கும் பங்கு உண்டு. கொழுந்து எடுப்பதில் பெண்களின் கையே முந்தும். அவர்களுக்கு ஏன் 11 சதம் குறைவு என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் விடையில்லை.

அவருடைய வாழ்வில் உச்சம் என்று நான் கருதுவது 1931. அந்த ஆண்டு ஜனவரியில் அட்டன் நகரில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று எழுந்த முதல் தொழிற்சங்கம் இதுதான். கொழும்பில் உட்கார்ந்து அறிக்கை விடாமல் தேயிலை நடுவிலேயே அலுவலகத்தை வைத்தார். கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் மலையிறங்கி நடந்து வந்தார்கள். ஒரு தொழிலாளி வந்து குறை சொன்னால் அதை மனுவாக எழுதித் துரைக்கு அனுப்புவது, பயனில்லை என்றால் கண்டியில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்டுக்கு அனுப்புவது, அதுவும் பயனில்லை என்றால் நீதிமன்றத்துக்குப் போவது என்று படிப்படியாக வேலை நடந்தது. நீ மயங்குவதேன் என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைகளும் பின்னர் எழுதிய வெற்றியுனதே என்ற நூலும் தாழ்வு மனப்பான்மையைக் களைவதற்காக எழுதப்பட்டவை. இன்று விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் தன்முன்னேற்ற நூல்களின் ஞாபகம் வந்தால் தவறில்லை. ஆனால், இவர் நூலை வாங்கியவர்களுக்கு எதிரே கங்காணி நின்றுகொண்டிருந்தார்!

மீனாட்சி அம்மையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவு பெறாது. நடேசய்யரின் துணைவியாரான அவர் பத்திரிகை வேலையிலும் பங்கெடுத்தார், மேடையிலும் ஏறினார். கூட்டம் தொடங்கும் முன் மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தைப் பாடுவார். பாட்டைக் கேட்கத்தான் பலர் முதலில் வந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன். பேச்சை மறந்தாலும் பாட்டு லயம் வரை கூடவே வரும். மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது வாயில் வரும். கங்காணி பாட்டைத் தடுக்க முடியுமா? 1940-இல் அவர் தம் பாடல்களைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். ஒரு பெண் மேடையேறிப் பேசுவதே அரிதாக இருந்த காலத்தில் தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பார்த்த முதல் பெண் பேச்சாளர்களில் அவர் ஒருவர்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? துரைமார் சங்கம் இவரைக் கலகக்காரர் என்றது. கங்காணிகளும் கூட்டங்கள் போட்டு இவருக்கு எதிராகத் தீர்மானம் செய்தார்கள். அவர்களும் தமிழர்கள்தாம் என்பதை நாம் மறைக்கக் கூடாது. வெள்ளைக்காரன் கொடுமை என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் பாதி உண்மையை விழுங்கியவர்களாவோம். சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேலை போயிற்று. சபை உறுப்பினராக இருந்தும் துரையின் அனுமதியின்றி அவரால் தோட்டத்துக்குள் போக முடியாது. புடவை வியாபாரியாக ஏறிய மலையில், மக்கள் தலைவராக ஏற முடியாத நிலை.

அதோடு உலகப் பொருளாதார மந்தமும் வந்தது. தேயிலை விலை சரிந்தது. 1931 மே மாதத்தில் ஆண்களின் 54 சதக் கூலி 49 சதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னும் வெட்டு தொடர்ந்தது. பல தோட்டங்களில் ஆட்குறைப்பு. ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். நடேசய்யர் கூட்டம் கூட்டினார், எழுதினார், வாதாடினார். கூலி வெட்டை நிறுத்த முடியவில்லை. சங்கம் தேயத் தொடங்கியது.

இங்கே அவர் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. பத்திரிகை ஆசிரியர் அவரே, சபையில் பேசுபவர் அவரே, சங்கத்தின் தலைவர் அவரே, மனு எழுதுபவரும் பெரும்பாலும் அவரே. மீனாட்சி அம்மையைத் தவிர அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரைச் சொல்வது கடினமாக இருக்கிறது. தோட்டத்திலிருந்தே ஒரு தலைவர் எழுந்து, ஐயர் இல்லாத நாளிலும் அட்டன் அலுவலகத்தைத் திறந்து வைக்கும் நிலை உருவாகவில்லை. இன்றைய நிருவாகவியல் வகுப்பில் இதை அடுத்த தலைமுறைத் தலைமையை உருவாக்கத் தவறியது என்று சொல்லிக் கொடுப்பார்கள். நியாயமான விமர்சனம்தான். ஆனால், எழுந்தவனுக்கெல்லாம் பற்றுச்சீட்டு கிழிக்கப்பட்ட இடத்தில் யாரை வளர்த்தெடுப்பது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். எங்கள் கூட்ட அறையில் என்னையும் சேர்த்து இருபது பேர் இருந்தோம். எங்களுக்குக் கடனும் இல்லை, சீட்டும் இல்லை. இருந்தும் ஒருவரும் எழவில்லை.

1936-இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றார். 1947 வரை அங்கே உறுப்பினராக இருந்தார். வாக்குரிமை, கல்வி, இந்திய வம்சாவளியினரின் குடியிருப்பு நிலை என்று அவர் எழுப்பிய பொருள்கள் பல. ஆனால், காலம் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. 1939-இல் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. மறு ஆண்டே அதன் தொழிற்சங்கமும் தோட்டங்களில் பரவியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மலையகமே கொந்தளித்தது. புதிய சங்கங்கள், புதிய தலைவர்கள். நடேசய்யர் உழுத நிலத்தில்தான் அவை வேரூன்றின. அறுவடைக் களத்தில் அவர் இல்லை. ஒன்றிணைந்து போயிருக்கலாமே என்று படிக்கும்போது தோன்றுகிறது. முதலில் வந்தவருக்குப் பின்னால் வந்தவரோடு சேர்வது எப்போதுமே கடினம் போலும். நம் சமூகத்து இயக்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1947-இல் நடந்த பொதுத்தேர்தலில் அவர் தோற்றார். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் காலமானார். வயது அறுபது. அதற்கடுத்த ஆண்டு, சுதந்திர இலங்கையின் முதல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். எந்த மக்களைப் பிரட்டு வரிசையிலிருந்து வாக்குச் சாவடி வரிசைக்கு அழைத்துவர அவர் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தாரோ, அந்த மக்களின் வாக்கு பறிபோனதை அவர் பார்க்கவில்லை.

நான் மறுபடி அந்த நிறுவனத்துக்குப் போகவில்லை. பயிற்சி முடிந்துவிட்டது. கடைசி வாரத்தில் அந்த அக்காவோடு சாப்பிடப் போனேன். அன்று நாங்கள் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் ஒருவராவது தம் மேசைக்கு வந்து பேசுவார் என்று எதிர்பார்த்ததாகவும், மாலை வரை எவரும் வரவில்லை என்றும் சொன்னார். பிறகு பேச்சை மாற்றிக்கொண்டார்.

பல்கலைக்கழக விடுமுறையில் பிரிஞ்சாங்குக்குப் போனபோது பாட்டிக்கு நடேசய்யரின் கதையை முழுவதுமாகச் சொன்னேன். இப்போது எங்கள் பக்கத்து மலைகளில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். கையால் கிள்ளுவது குறைந்து, கத்தரியும் இருவர் பிடித்துப் போகும் இயந்திரமும் வந்துவிட்டன. பாட்டி வாசலில் உட்கார்ந்து அவர்கள் மலையிறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சபை, சட்டம், சம்மேளனம் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். மூட்டை சுமந்து வந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்தார். அவர் உண்மையிலேயே சேலை விற்றாரா, கடனுக்குக் கொடுத்தாரா, ரொக்கத்துக்கா என்று கேட்டார். துணியின் நூலும் விலையும் தெரியாமல் லயத்துப் பெண்களிடம் ஒரு நாள் கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது, நாங்களாக இருந்தால் முதல் சேலையை விரித்த உடனே கண்டுபிடித்திருப்போம் என்றார். அப்படிக் கண்டுபிடித்த பெண்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள், தெரிந்துகொண்டே கங்காணியிடம் சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்று தம் போக்கில் சொல்லிவிட்டு, தேநீர் போட உள்ளே எழுந்து போனார்.